‘ஹவுஸ் ஒஃப் த ட்ராகன்’ இரண்டாவது பருவம் உண்மையிலேயே மெதுவாகத்தான் நகர்ந்ததா? வன்னிப் பார்வையாளர்களின் கருத்துகள் (இணைய இழையொன்றில் புனைபெயர்களில் எழுதியவை)

குளக்கட்டு (வட்டக்கச்சி), 2024 ஓகஸ்ட் 6

இரண்டாவது பருவத்தின் எட்டாவது பகுதியும் நேற்றுடன் முடிந்துவிட்டது. ஜூன் 16 ஆம் திகதி அமெரிக்காவில் தொடங்கிய பருவம் இது. அங்கே ஞாயிறு இரவு என்றால் எங்களுக்குத் திங்கள் விடியற்காலை. எட்டு வாரமும் வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்தேன். கதையை முழுமையாகப் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம்.

எங்கு பார்த்தாலும் ஒரே முறைப்பாடுதான்: ஒன்றும் நடக்கவில்லை, எல்லோரும் அறைக்குள் இருந்து கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், போர் வரும் வரும் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அது இன்னும் தங்கள் படலைக்கு வந்து சேராத நாட்கள் சில இருக்கின்றன. அந்த நாட்களை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறொரு கற்பனைத் தொடரை நான் பார்த்ததில்லை. வன்னியில் போர் நெருங்கிக்கொண்டிருந்த 2008 இல் எனக்குப் பத்து வயது. வளவில் நின்ற இரண்டு தென்னைகளைத் தறித்துப் பதுங்குகுழிக்கு மேலே அடுக்குவதா, இன்னும் ஒரு காய்ப்புக்கு விட்டுவைப்பதா என்று அப்பாவும் அம்மாவும் இரவிரவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கின்றவருக்கு அந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. தகப்பனின் இரண்டாந்தாரத்து மகன் ஏகனுடன் அரியணைக்காக மோதும் அரசி ரெனீராவின் சபையில் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து அவளுக்குப் புத்தி சொல்லுவதும், முதலில் தீயை ஏவியவர் என்ற பழி தன்மேல் வந்துவிடக்கூடாது என்று அவள் நாள் கடத்துவதும் எனக்கு அந்தத் தென்னைகளைத்தான் நினைவுபடுத்தின.

முதற் பகுதியின் கடைசிக் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏகனின் தம்பி ஏமண்டைக் கொல்லுவதற்கென்று ரெனீராவின் கணவன் டேமன் அனுப்பிய இரண்டு கொலையாளிகளும் அவனைக் காணாமல், ஏகனின் மனைவி ஹெலேனாவின் அறைக்குள் புகுந்து, உறங்கும் இரட்டையரில் எது ஆண்பிள்ளை என்று தாயிடமே கேட்கிறார்கள். அவள் காட்டுகிறாள். கொலை திரையில் காட்டப்படவில்லை; சத்தம் மட்டும் கேட்கிறது. எஞ்சிய பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் படிகளில் இறங்கி நடக்கிறாள். இந்தக் காட்சி உணர்ச்சியற்று இருந்தது, தாய் ஒருத்தி இப்படியா நடந்துகொள்வாள் என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத் தொடர் எதையும் பார்க்காத என் அம்மா, அன்று தற்செயலாகப் பின்னால் நின்று இந்தக் காட்சியைப் பார்த்தார். “அழாமல் போறாள். அது சரியாத்தான் எடுத்திருக்கிறாங்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்தக் காட்சியைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்தையும் விட அந்த ஒரு வசனத்தை நான் நம்புகிறேன்.

நான்காவது பகுதியான ரூக்ஸ் ரெஸ்ட் சண்டையை எல்லோரும் பாராட்டுகிறார்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால் நான் பாராட்டுவது மூன்று ட்ராகன்களும் வானத்தில் ஒன்றையொன்று கவ்வுகின்ற காட்சிகளை அல்ல. காட்டுக்குள் மறைந்து கிடந்த ஏமண்டின் ட்ராகன் வேகார், தான் யாருக்காக வந்ததோ அந்தப் படையினரையே மிதிக்கிறது. சண்டை முடிந்த பின் மயக்கம் தெளிந்து எழும்பிய ஏகனின் தளபதி கிறிஸ்டன் கோல் சாம்பலுக்குள் நடக்கிறான். கவசத்துடன் இருந்த ஒருவன் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்து போகிறான். வானத்திலிருந்து வருவதற்குத் தன் ஆள், பிறத்தி ஆள் என்ற வேறுபாடு தெரியாது. கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம் வந்த நாட்களில், முதலில் ‘வண்டு’ என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் மேலே சுற்றும். அந்த இரைச்சல் கேட்டவுடனேயே கோழிகள் கூட ஒதுங்கிவிடும். கிபிரின் சத்தமோ அது கடந்து போன பிறகுதான் வந்து சேரும். மேலே அண்ணாந்து பார்க்கின்றவர்களின் முகங்களை இந்தப் பருவம் காட்டிய ஒவ்வொரு தடவையும் சரியாகக் காட்டியது; மேலேயிருந்து கீழே பார்த்தபோதுதான் அது எல்லாத் தொடர்களையும் போல ஆகிவிட்டது.

மாங்குளம் சந்தி, 2024 ஓகஸ்ட் 6

அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மரியாதையுடன் மறுக்கிறேன்.

எனக்கு 21 வயது. போர் நடந்த அந்த நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஆகவே நான் தொடரைத் தொடராக மட்டுமே பார்க்கக்கூடிய நிலையில் இருக்கிறேன். அக்கா சொன்ன தென்னையின் கனம் உண்மையானது. ஆனால் அந்தக் கனத்தைத் தொடருக்குக் கொடுப்பவர் நீங்கள். தொடர் உங்களுக்குத் தரவில்லை. அந்த அனுபவம் இல்லாத ஒருவருக்கும் காத்திருப்பின் பாரத்தைச் சுமக்கச் செய்வதுதான் கதை சொல்பவர்களின் வேலை என்பது என் எண்ணம்.

முதற் பருவம் 2022 இல் பத்துப் பகுதிகளாக வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் கதையைச் சொன்னது. இரண்டாவது பருவம் எட்டுப் பகுதிகள் மட்டுமே. அதற்குள் நகர்ந்த காலம் சில வாரங்கள்தான். நிதானமாக நகர்வதில் தவறில்லை, ஆனால் அந்த நிதானத்துக்குள் மனிதர்கள் மாற வேண்டும். டேமன் ஹரன்ஹால் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு பகுதிக்குப் பகுதி கனவு காண்கிறான், விழிக்கிறான், சுவரைப் பார்க்கிறான், மீண்டும் கனவு காண்கிறான். முதல் இரண்டு கனவுகளிலேயே அவனுடைய குற்ற உணர்வு எங்களுக்கு விளங்கிவிட்டது. கடைசிப் பகுதியில் மரத்தைத் தொட்டு எதிர்காலத்தைக் கண்டு, ரெனீராவின் முன் மண்டியிடுகிறான். அது அவன் தானாக வந்தடைந்த மனமாற்றம் அல்ல, அவனுக்குக் காட்டப்பட்ட படம். ஐந்து பகுதிகள் காத்திருந்தவர்களுக்கு அது போதாது.

முடிவைப் பற்றி எழுதினால் கோபம்தான் வருகிறது. படைகள் புறப்படுகின்றன, கப்பல்கள் புறப்படுகின்றன, ட்ராகன்கள் புறப்படுகின்றன, அத்துடன் பருவம் முடிந்துவிட்டது. கடற்சமர் நடக்கும் நடக்கும் என்று எட்டு வாரமும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் விட்டுவிட்டார்கள்.

எல்லைக்கல், 2024 ஓகஸ்ட் 7

நான் இந்த மாதிரியான தொடர்களைப் பார்க்கின்றவன் அல்லன். மகன் பார்ப்பான், மூன்றாவது பகுதியின் தொடக்கத்தை மட்டும் “அப்பா, இது உங்களுடைய வேலை” என்று கூப்பிட்டுக் காட்டினான். அதற்குப் பிறகு மிச்சத்தையும் பார்த்துவிட்டேன்.

பல ஆண்டுகளாக மத்தியஸ்த சபையில் இருந்து வருகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் சபைக்கு வந்தவற்றில் எல்லைப் பிணக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. வேலி இல்லை, கதியால் இல்லை, அடையாளமாக நின்ற பாலை மரம் இல்லை, காணி உறுதியை எடுத்துக்கொண்டு ஓட முடியாதவர்கள் பாதிப் பேர், எடுத்துக்கொண்டு ஓடியவர்களின் உறுதியும் தண்ணீரில் ஊறிப்போயிருக்கும். அண்ணன் தம்பியாகப் பழகிய இரண்டு குடும்பங்கள் ஒரு முழ நிலத்துக்காகச் சபையில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள்.

அந்தக் காட்சியில் பிளாக்வூட், பிராக்கன் என்று இரண்டு குடும்பத்து இளைஞர்கள் ஒரு வயல்வெளியில் நின்று எல்லைக்கல்லை நகர்த்தியது யார் என்று வாய்ச்சண்டை பிடிக்கிறார்கள். அரசி யார், அரசன் யார் என்ற பேச்சும் அதற்குள் வந்து கலக்கிறது. ஒருவன் வாளை உருவுகிறான். அடுத்த கணமே காட்சி மாறுகிறது: அதே நிலம், எரிந்த ஆலை, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பிணங்கள். நடுவில் நடந்த சண்டையைக் காட்டவே இல்லை. மகன் இதைச் செலவைக் குறைப்பதற்குச் செய்த உத்தி என்கிறான். அப்படியே இருக்கலாம், ஆனாலும் அந்த வெட்டு எனக்குச் சரியாகப் பட்டது. கல்லில் தொடங்கும் சண்டை எந்த நிமிடத்தில் கல்லைத் தாண்டியது என்று சபையில் கேட்டால் எவராலும் சொல்ல முடிவதில்லை. ‘அவன் ஏசினான், நான் மண்வெட்டியை எடுத்தேன்’ என்பார்கள். அதற்கு அடுத்து அவர்கள் நினைவில் இருப்பது ஆஸ்பத்திரிதான்.

தம்பி மாங்குளம் சந்தி, சண்டையைக் காட்டவில்லை என்ற உங்களுடைய மனக்குறைக்கு இந்தக் காட்சியையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நூலகத்து மூலை (முல்லைத்தீவு), 2024 ஓகஸ்ட் 8

இந்தத் தொடருக்கு மூலமான ‘ஃபயர் அன்ட் ப்ளட்’ நூலை வாசித்தவன் என்ற வகையில் சில விடயங்களை எழுதலாம் என்று நினைக்கிறேன். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதி 2018 இல் வெளிவந்த அந்த நூல் நாவலின் வடிவில் இல்லை. பிற்காலத்து அறிஞர் ஒருவர் எழுதிய வரலாற்று நூல் போல அது அமைந்திருக்கிறது. அந்த அறிஞர் எதையும் நேரில் கண்டவர் அல்லர். அரண்மனைக் கோமாளி ஒருவர் சொன்னது ஒன்று, குருவானவர் ஒருவர் எழுதி வைத்தது ஒன்று, பதவியிலிருந்த அறிஞர் ஒருவர் பதிந்தது இன்னொன்று என்று ஒன்றோடொன்று முரண்படும் சாட்சியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இவர்களுள் யாரை நம்புவது’ என்று எடைபோட்டுக்கொண்டே போகிறார். ஒரே இரவைப் பற்றி மூன்று கதைகள் இருக்கும். மூன்றும் சொன்னவரின் நன்மைக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வாசிப்பு அனுபவத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது பருவத்தின் தொடக்கப் படம் மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? முதற் பருவத்தில் கற்களால் ஆன நகரத்தின் மாதிரியொன்றின் மேல் இரத்தம் ஓடும். இப்போது ஊசியும் நூலுமாகத் தைக்கப்படும் திரைச்சீலை ஒன்று விரிகிறது. அதில்தான் அந்தக் குடும்பத்தின் வரலாறு தையல் தையலாக வருகிறது. வரலாற்றைத் தைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு வாரமும் நினைவூட்டும் அந்த ஒன்றரை நிமிடம் எனக்குப் பருவத்தின் பல காட்சிகளை விடப் பிடித்திருந்தது.

தொடர் செய்த மாற்றங்களில் சில நல்லவை. ரெனீராவும் ஏகனின் தாய் அலிசென்டும் சிறுவயதுத் தோழிகள் என்பதே தொடர் அமைத்துக்கொண்ட உறவு. நூலில் அவர்களுக்கிடையே வயது வித்தியாசம் அதிகம். அந்த உறவில்லாமல் மூன்றாவது பகுதியில் தேவாலயத்துக்குள் மெழுகுதிரிகளின் நடுவே அவர்கள் சந்திக்கும் காட்சி வந்திருக்காது. தன் கணவரான மன்னரின் கடைசி வார்த்தைகளைத் தான் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டேன் என்று அலிசென்டுக்கு அங்கேதான் உறைக்கிறது. ஆனாலும் இனி எதையும் நிறுத்த முடியாது என்று அவள் எழும்பிப் போகிறாள். அலிசென்டாக வரும் ஒலிவியா குக் அந்த ஒரு நிமிடத்தை நடித்திருக்கும் விதத்துக்காகவே அந்தப் பகுதியை நான் மறுபடி பார்த்தேன்.

ஆனால் இரண்டு மாற்றங்களை என்னால் ஏற்க முடியவில்லை. நூலில் ஹெலேனாவுக்கு மூன்று பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் இருவர். மூத்தவன் ஜெஹேரிஸ், இளையவன் மெய்லர், மிகவும் சிறியவன். கொலையாளிகள் ‘எது ஆண்பிள்ளை’ என்று கேட்பதில்லை. ‘இருவரில் எவன்’ என்று அவளையே தெரிவு செய்யச் சொல்கிறார்கள். அவள் தன்னைக் கொல்லும்படி மன்றாடிப் பார்த்து, முடியாமற்போய், சின்னவனின் பெயரைச் சொல்கிறாள். அவர்களோ மூத்தவனைக் கொன்றுவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கின்ற சின்னவனின் முகத்தை அவளால் பார்க்க முடிவதில்லை. தொடரில் மெய்லர் இல்லை, ஆகவே தெரிவும் இல்லை. சகோதரி குளக்கட்டின் தாயார் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த நடை உண்மையான நடைதான். ஆனால் நூலின் ஹெலேனா சுமப்பது வேறொரு பாரம்.

இரண்டாவது, நெற்றில்ஸ். நூலில் அவள் ஊர்பேர் இல்லாத ஓர் ஏழைப் பெண்பிள்ளை. யாருக்கும் அடங்காத காட்டு ட்ராகனுக்குத் தினமும் ஓர் ஆட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே அதைப் பழக்கி எடுக்கிறாள். இரத்த உரிமை பற்றிப் பெரியவர்கள் பேசும் பேச்சு முழுவதையும் அந்த ஒரு பிள்ளை கேள்விக்குள்ளாக்கிவிடுகிறாள். கடைசிப் பகுதியில் அந்த ட்ராகனைத் தேடி மலையேறி வருபவளோ டேமனின் மகள் ரேனா. நெற்றில்ஸின் இடம் அவளுக்குப் போய்விட்டதென்றே தெரிகிறது. மாளிகையில் பிறந்தவர்களுக்கு ஏற்கெனவே இடம் தாராளமாக இருக்கின்ற கதையில், குடிசையிலிருந்து வந்த ஒரே பிள்ளையின் இடத்தையும் எடுத்துக் கொடுப்பது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது.

இரவுப்பணி (புதுக்குடியிருப்பு), 2024 ஓகஸ்ட் 9

நான் தாதியாக வேலை செய்கிறேன். ஆகவே ட்ராகன்களை விட ஆறாவது பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் தலைப்பே சாதாரண சனத்தைக் குறிப்பது. ரெனீராவின் தரப்பிலுள்ள கோர்லிஸின் கப்பல்கள் கடல்வாயை மறித்து நிற்பதால் ஏகன் ஆளும் தலைநகரான கிங்ஸ் லாண்டிங்குக்குச் சாமான் வருவதில்லை. இருக்கின்ற ஆடு மாடுகள் அரண்மனைக்கும் ட்ராகன்களுக்கும் போகின்றன. ஐந்தாவது பகுதியிலேயே நகரத்தின் படலைகளை மூடிவிட்டார்கள். வெளியேற வந்த குடும்பங்கள் மூட்டைகளுடன் திரும்பிப் போகின்றன. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் எழும்பி நடந்துவிட்டு வந்தேன்.

1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். மண்ணெண்ணெய் இல்லாத இரவுகளில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சையும் திரியையும் வைத்து, கரண்டிக் கணக்கில் எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். பற்றறி இல்லாததால் பக்கத்து வீட்டு அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுழற்றுவார்; டைனமோவில் வானொலி பாடும்; செய்தி முடியும் வரைக்கும் அவர் சுழற்றிக்கொண்டே இருப்பார். சவர்க்காரம் ஒரு கட்டி கிடைத்தால் அதை நூலால் நான்காக வெட்டுவோம்.

ஆகவே இரவோடு இரவாக ரெனீராவின் கொடியுடன் மரக்கறியும் மீனும் நிறைந்த படகுகள் கரைக்கு மிதந்து வருவதும், சனம் அதற்காக அடிபடுவதும், அதே சனம் மறுநாள் அரசமாதா அலிசென்டையே மறித்துக் கல்லெறிவதும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பசியை ஒருவர் உண்டாக்கிவிட்டு அதே பசிக்கு உணவையும் அனுப்பி நல்லவராகிறார். ரெனீராவைத் தூக்கிப்பிடிக்கின்ற நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கடலை மறித்ததும் அவளுடைய தரப்புத்தான், படகை அனுப்பியதும் அவளுடைய தரப்புத்தான். தொடர் இதை ஒளிக்கவில்லை, அதற்காக அதைப் பாராட்டுகிறேன்.

என்னுடைய மனத்தாங்கல் வேறு. கொல்லன் ஹியூவுக்கு நோயாளிப் பெண்பிள்ளை ஒன்று இருக்கிறது. பகுதிக்கு ஒரு தடவை அந்தப் பிள்ளையைக் காட்டுகிறார்கள்: படுக்கை, வியர்த்த நெற்றி, கையைப் பிடித்துக்கொண்டு தாய். நான் ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளைக்காகத்தான் பார்த்தேன். கடைசியில் அதன் சாவு ஓரிரு வசனத்தில் கடந்துபோய்விட்டது. அடுத்ததாக ஹியூ ட்ராகனைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டான். அரசகுமாரன் ஜெஹேரிஸுக்கு இரண்டாவது பகுதியில் ஊர்வலம் இருந்தது, தேர் இருந்தது, தெருவெல்லாம் அழுகை இருந்தது. கொல்லனின் பிள்ளைக்குப் பாடை தூக்கவாவது ஒரு காட்சி கொடுத்திருக்கலாம். மருந்து வராத ஊரில் காய்ச்சலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சாதாரண சனத்தின் பெயரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அவர்களுடைய சாவை இப்படிச் சுருக்கியிருக்கக்கூடாது.

மாங்குளம் சந்தி, 2024 ஓகஸ்ட் 9

எல்லைக்கல் ஐயா, ஆலைக் காட்சியை மறுபடி பார்த்தேன். அந்த வெட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரவுப்பணி அக்கா சொன்ன பெண்பிள்ளையின் விடயத்தை நான் கவனிக்கவே இல்லை. அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் என்னுடைய முதற் குறையை நான் கைவிடவில்லை. ஹொலிவூட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் 2023 மே 2 முதல் செப்டெம்பர் 27 வரை நடந்தது, படப்பிடிப்பு அந்தக் காலத்திலும் தொடர்ந்து நடந்தது. எழுதி முடித்த பிரதியைத் திருத்த எழுத்தாளர்கள் கையில் பேனா இல்லாத மாதங்கள் அவை. அதன் அடையாளம் பருவத்தின் பின்பாதியில் தெரிகிறது என்பது என் ஊகம்.

கடைசிப் பகுதியில் அலிசென்ட் தனியாக ரெனீராவின் கோட்டையான டிராகன்ஸ்டோனுக்கு வந்து, நகரத்தைத் திறந்து விடுகிறேன் என்கிறாள். ரெனீரா அதற்கு விலையாக ஏகனின் உயிரைக் கேட்கிறாள். அலிசென்ட் சம்மதிக்கிறாள். எட்டு வாரமும் பிள்ளைகளுக்காக வாழ்ந்த தாய், சில நிமிடக் கதையில் மூத்த மகனைக் கொடுத்துவிட்டு எழும்புகிறாள். இதை நம்புகிறவர்கள் எப்படி நம்புகிறீர்கள் என்று தயவுசெய்து எனக்கு விளங்கப்படுத்துங்கள்.

குளக்கட்டு, 2024 ஓகஸ்ட் 11

தம்பி, உங்களுடைய கேள்வி நியாயமானது. இரண்டு நாட்கள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அலிசென்ட் அந்த விலையைச் சில நிமிடங்களில் கொடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். ரூக்ஸ் ரெஸ்டிலிருந்து ஏகனைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த நாளிலிருந்தே அவள் அவனை இழந்துகொண்டிருக்கிறாள். உடல் முழுவதும் வெந்து, எலும்பு முறிந்து கிடக்கும் மகனின் கட்டிலருகே அவள் இருக்கும்போதே, அந்தத் தீயை ஏவியது தன்னுடைய இளைய மகன்தான் என்பதும் அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. ஏமண்ட் ஆட்சிக்கு வந்ததும் சபையிலிருந்து அவளையே நீக்கிவிடுகிறான். கடைசியில் அவளிடம் எஞ்சியிருப்பது ஹெலேனாவும் பேத்தியும் மட்டும்தான். அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும் என்றுதான் அவள் கேட்கிறாள். அந்த நிலையில் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நான் அவளை நியாயப்படுத்தவில்லை. நம்ப முடியாததாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன்: அந்தக் கணக்கை அவள் தனக்குள் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு பகுதி முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். டேமனின் கனவுகளில் இரண்டை எடுத்து அவளுக்குக் கொடுத்திருந்தால் போதும்.

எனக்கு உண்மையில் கோபம் தந்தது ஏழாவது பகுதி. கடலைக் கடந்து வந்த சாதாரண சனத்தை, உங்களுக்குள்ளும் ட்ராகன் வம்ச இரத்தம் இருக்கலாம் என்று சொல்லி, வெர்மித்தோர் என்ற ட்ராகனின் குகைக்குள் விடுகிறார்கள். அது அவர்களை எரிக்கிறது, விழுங்குகிறது. ரெனீரா மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹியூ மட்டும் முன்னால் வந்து நின்று தப்பிக்கிறான். உல்ஃப் என்ற இன்னொருவன் ஓடி விழுந்து வேறொரு ட்ராகனைப் பெற்றுவிடுகிறான். பகுதியின் முடிவில் மூன்று ட்ராகன்களுடன் அரசி நிமிர்ந்து நிற்கின்ற காட்சிக்கு இசை எழும்புகிறது. எரிந்தவர்களின் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அவர்களுள் ஒருவருக்காவது பெயர் இருந்ததா? அந்த இசையைக் கேட்டபோது, தொடர் யாருடைய பக்கத்தில் நிற்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரவுப்பணி அக்கா கொல்லனின் பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் இதே விடயம்தான்.

எல்லைக்கல், 2024 ஓகஸ்ட் 12

இரண்டாவது பகுதியில், தன் பிள்ளையின் கொலைக்குப் பழியாக எலி பிடிப்பவர்கள் எல்லோரையும் ஏகன் தூக்கிலிட்டதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றவாளி ஒருவன்தான். எவன் என்று விசாரிக்கப் பொறுமையில்லாமல் அத்தனை பேரையும் மதிலில் தொங்கவிட்டார்கள். மதிலுக்குக் கீழே நின்று கதறிய பெண்களைத் தொடர் காட்டியது. ஆக, காட்டத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஏழாவது பகுதியில் காட்ட விரும்பவில்லை.

நூலகத்து மூலை, 2024 செப்டெம்பர் 7

ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த இழையை மறுபடி திறப்பதற்கு மன்னிக்கவும். செப்டெம்பர் 4 ஆம் திகதி மார்ட்டின் தன்னுடைய வலைப்பதிவில், மெய்லரை நீக்கியதைப் பற்றித் தானே விரிவாக எழுதியிருந்தார். பதிவு சில மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கிடையில் பலர் வாசித்துவிட்டார்கள். மிகச் சிறிய பிள்ளை ஒன்றை நடிக்கவைப்பது கடினம், செலவும் கூடும் என்ற காரணங்கள் அவருக்குச் சொல்லப்பட்டனவாம். அப்போது தான் அரைமனத்துடன் உடன்பட்டதாகவும், அந்தப் பிள்ளை இல்லாமற்போனால் பின்னால் வரப்போகின்ற பல நிகழ்வுகள் பலமிழக்கும் என்றும் அவர் எழுதியிருந்தார். தாய் தெரிவு செய்ய வேண்டிய நிலைதான் அந்தக் காட்சியின் கொடூரம் என்பது அவருடைய கருத்து.

நான் ஓகஸ்டில் எழுதியதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சகோதரி குளக்கட்டு இதை எப்படிப் பார்க்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

குளக்கட்டு, 2024 செப்டெம்பர் 9

ஐயா, உங்களுடைய பதிவை வாசித்த அன்றிரவு நூலில் உள்ள கதையை அம்மாவுக்குச் சொன்னேன். இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவனைத் தெரிவு செய்யச் சொன்னார்கள், அவள் சின்னவனைச் சொன்னாள், அவர்கள் பெரியவனைக் கொன்றார்கள், அதற்குப் பிறகு அவளால் சின்னவனைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லி முடித்தேன். அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போரின் கடைசி நாட்களில், 2009 ஏப்ரலில் மாத்தளனிலிருந்து நீரேரியைக் கடந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. எனக்கு வலது காலில் காயம், தம்பிக்குக் காய்ச்சல். அப்பா அம்மம்மாவைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். அம்மாவால் ஒருவரைத்தான் தூக்க முடியும். கொஞ்சத் தூரம் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர், தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்ததும் என்னை இறக்கிவிட்டுத் தம்பியைத் தூக்கினார். நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கரையேறிவிட்டோம், நால்வரும் உயிரோடு இருக்கிறோம், அம்மம்மாவும் அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். இதை நாங்கள் வீட்டில் ஒரு துயரக் கதையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் சந்தைக்கோ கோயிலுக்கோ அம்மாவுடன் நடந்து போனால், இன்றைக்கும் பாதி வழியில் “கால் நோகுதே?” என்று கேட்பார். காயம் ஆறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா சொன்னார்: “தம்பியைத் தூக்கினது எனக்கு ஞாபகம் இல்லை. உன்ரை கையை விட்டதுதான் ஞாபகம்.”

ஆகவே நீங்கள் சொன்னது சரி ஐயா. முதற் பதிவில் நான் அந்தக் காட்சியைக் குறையில்லாதது போல எழுதிவிட்டேன். அழாமல் நடந்து போகும் அந்த நடை சரியானது என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் தொடரின் ஹெலேனாவிடம் கேட்கப்பட்டது ஓர் உண்மை, அவள் அந்த உண்மையைச் சொன்னாள். நூலின் ஹெலேனாவிடம் கேட்கப்பட்டது ஒரு தெரிவு. மூன்றாவது பருவத்தில் அவளுடைய துயரத்தை எவ்வளவு நன்றாக நடித்துக் காட்டினாலும், தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிய அந்தச் சின்னப் பிள்ளை அங்கே இருக்கப்போவதில்லை. செலவுக் கணக்கில் அதை நீக்கியவர்கள் எதை நீக்குகிறோம் என்று அறிந்து செய்தார்களா என்பது எனக்குத் தெரியாது.

வருகிற வியாழக்கிழமை அலுவலக வேலையாக முல்லைத்தீவுக்கு வருகிறேன். உங்களிடமுள்ள நூலின் பிரதியை ஒரு மாதத்துக்கு இரவல் தர முடியுமா? மெய்லரின் பகுதியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிக்க வேண்டும். அவர்தான் கேட்டார்.